டர்ன்பைக்கில் ஸ்டாலின்கிராட்

ஜெர்மனி ரஷ்யாவின் மேல் படையெடுத்த கதையை நான் முழுதாகக் கேட்டது நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில், ஒரு பழைய மினிவேனின் பின் சீட்டில். சொன்னவர் என் மேனேஜர் மேடம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாங்கள் குடியிருக்கும் பிஸ்கட்டவேயில் பாதிப் பேர் "அட, அவங்களா" என்று ஆளுக்கொரு கதையை ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் என் கதை காணாமல் போய்விடும்.

சொந்த ஊர் கரூர். ஐம்பதைத் தாண்டிய வயது, ஐந்தடியைத் தாண்டாத உயரம். டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்து ஓட்டுவார். ஜெர்சி சிட்டியில் இருந்த ஆபீசுக்குத் தினமும் காலையில் எங்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவார். முன் சீட்டில் பாஸ்கர். எங்கள் டீம் லீட், சென்னைக்காரன். பின்னால் நானும் நித்யாவும். எனக்கு டெஸ்டிங் வேலை. நித்யா தேனிப் பெண், டேட்டாவைப் பார்த்துக்கொண்டவள், டீமிலேயே சின்னவள். பெட்ரோல் செலவு மிச்சம் என்று நினைத்துத்தான் அந்த வண்டியில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே என்னைப் போருக்கு அழைத்துப் போய்விட்டார்.

"உலகத்துலயே பெரிய தரைப்போர் எது தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தெரியாத ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான்.

வண்டியின் டேஷ்போர்டுதான் ஐரோப்பா. இடது ஓரத்தில் காபி கப் இருந்தால் அது பெர்லின். வலது ஓரத்து டிஷ்யூ பெட்டி மாஸ்கோ. போன் சார்ஜர் வயர் வளைந்து வளைந்து கிடக்கும், அது வால்கா நதி. அதன் கரையில் பாஸ்கரின் தண்ணீர் பாட்டில், ஸ்டாலின்கிராட். பாஸ்கருக்குத் தாகம் எடுத்தால் கேட்டுவிட்டுத்தான் நகரத்தை எடுக்க வேண்டும். ஊர்ப் பெயரில் ஒட்டியிருப்பதைத் தவிர, இரண்டு சர்வாதிகாரிகளின் பெயரையும் அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ஜெர்மனிக்காரன் சின்ன மீசை, ரஷ்யாக்காரன் பெரிய மீசை. "அவனுங்க பேர இத்தன வருஷம் சொன்னது போதும். செத்தவங்க பேர யாரு சொன்னா?" என்பார்.

எந்த நேரமும் சூடாக இருக்கும் ஆள் அவர். கோபச் சூடு இல்லை, உற்சாகச் சூடு. சிக்னலில் நிற்கும்போதுகூட ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். போர் தொடங்கிய அந்தக் கோடைக்கால விடியற்காலையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு மீசைக்காரர்களும் ஒப்பந்தம் போட்ட கூட்டாளிகள். ஒருவரை ஒருவர் தாக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லையில் சின்ன மீசையின் பட்டாளம் வந்து குவிகிறது. ஒற்றர்கள் எழுதுகிறார்கள். பெரிய மீசை நம்பவில்லை. ஒரு ஜெர்மன் சிப்பாய் எல்லையைத் தாண்டி ஓடிவந்து, விடிந்தால் தாக்கப்போகிறார்கள் என்கிறான். அதையும் நம்பவில்லை.

"அந்த நேரத்துல என்ன நடக்குது தெரியுமா? ரஷ்யாவுலருந்து ஜெர்மனிக்குத் தானியம் ஏத்திக்கிட்டு ரயில் போகுது. ஒப்பந்தப்படி அனுப்பணும்ல, அனுப்பறான். ரயில் அந்தப் பக்கம் போய்ச் சேருது. கொஞ்ச நேரத்துல பீரங்கி வெடிக்குது. தின்னுட்டு வந்து அடிக்கட்டும்னு சோறு கட்டிக் குடுத்த மாதிரி."

"யாருமே அவர்கிட்ட எடுத்துச் சொல்லலையா மேடம்?" என்று நித்யா கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களே கண்டுபிடித்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. "அதச் சொல்லு. யாரு சொல்லுவா? சொல்லக்கூடிய தளபதிங்களை எல்லாம் முன்னாடியே சுட்டுப் போட்டுட்டான். மிச்சம் இருந்தவன் எல்லாம் 'ஆமாங்கய்யா' போடற ஆளு. கண்ணு, இந்தப் போர்ல குண்டு பட்டுச் செத்தவன் பாதி, சொல்லாம விட்டதால செத்தவன் பாதி."

இதுதான் அவருடைய வரலாற்றுக் கொள்கை. எந்தச் சண்டையைச் சொன்னாலும் கடைசியில் இங்கே வந்து நிற்பார். யார் தோற்றார், யார் ஜெயித்தார் என்பது இரண்டாவது. உண்மை தெரிந்தவன் யார், அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. அதைக் கேட்கும்போது உள்ளபடியே துடித்துப் போவார். அந்தக் கூட்டத்தில் தானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது போலவும், கையைத் தூக்கியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்பது போலவும் பேசுவார்.

இவ்வளவு பேசுகிறவரிடம் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடுங்க. கார்ல என்ன மேடம்? அக்கான்னு கூப்பிடுங்க" என்றார் ஒரு நாள்.

"சரிங்க மேடம்" என்றோம் மூவரும்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்கு அவர் ஊர் அரிசிம்பருப்பு சாதம் செய்து எடுத்து வருவார். முதல் தடவை உப்பு கைமீறிப் போயிருந்தது. பாஸ்கர் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சூப்பர் மேடம், எங்கம்மா பண்ற மாதிரியே இருக்கு" என்றான். அவனுடைய அம்மாவுக்கு அந்தச் சாதத்தின் பெயர்கூடத் தெரியாது. அன்றிலிருந்து அதே உப்பு, அதே சாதம், வாரா வாரம். நன்றாக இருக்கிறது என்று சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

ஜனவரி மாதம் கதை மாஸ்கோ வாசலுக்கு வந்து சேர்ந்தது. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. குளிர்காலத்துக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்று சின்ன மீசை முடிவு செய்துவிட்டான். ஆகவே குளிர்காலக் கோட்டு கேட்பது குற்றம். கேட்டால் போர் இழுக்கும் என்று நீ நினைக்கிறாய் என்றுதானே அர்த்தம்? கேட்கவேண்டியவர்கள் கேட்கத் தயங்கினார்கள். பட்டாளம் கோடைக்கால உடுப்போடு பனிக்குள் போய் நின்றது. செய்தித்தாளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஹீட்டரை அணைத்து நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டார்.

"இப்ப யோசிச்சுப் பாரு. இதவிடப் பல மடங்கு குளிரு. கைல துப்பாக்கி. எண்ணெய் உறஞ்சுபோய்த் துப்பாக்கி சுட மாட்டேங்குது." டர்ன்பைக்கின் காற்று எங்கள் காதை அறுத்தது. நித்யா துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டாள். பாஸ்கரின் மூக்கு சிவந்துவிட்டது. "குளிருதா?" என்று கேட்டார்.

"பரவால்ல மேடம்" என்றோம், பல் தந்தியடிக்க.

எலிசபெத் என்கிற ஊர் வரும்வரைக்கும் ஜன்னல் திறந்தே இருந்தது. அவருக்குக் குளிரவே இல்லை. அவர் மாஸ்கோவில் இருந்தார்.

பாஸ்கருக்கு இந்தப் போர் கிரிக்கெட் மேட்ச் போல. யார் பக்கம் சேரலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ரஷ்யர்கள் திருப்பி அடிக்கத் தொடங்கிய அன்று சீட்டில் துள்ளி, "செம மேடம், நம்ம ஆளுங்க எறங்கிட்டாங்க" என்றான். ஸ்டியரிங்கில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை அவர் நிறுத்தினார்.

"யாருப்பா உன்ற ஆளு? லெனின்கிராட்ல பசியில செத்தாங்களே, ரொட்டில மரத்தூளக் கலந்து தின்னுட்டு, அவங்க உன்ற ஆளு. ரெண்டு பட்டாளமும் மாத்தி மாத்தி எரிச்ச ஊர்ல இருந்தவங்க உன்ற ஆளு. ஜெர்மன்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டு, பட்டினி கெடந்து, எப்படியோ உசுரோட திரும்பி வந்தவங்கள, ஏன் மாட்டினேன்னு கேட்டுப் பெரிய மீசையே கைதி முகாமுக்கு அனுப்பினான். அவங்களும் உன்ற ஆளுதான். இந்த மீசைக்காரனுங்க ரெண்டு பேர்ல ஒருத்தனும் யாருக்கும் ஆளில்ல."

அன்றைக்கு மதியம் அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டதைப் பார்த்தேன். லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று நாம் வாசித்துவிட்டுப் போகிறோம். அவருக்கு ஒரு ரொட்டித்துண்டு போதும், சாப்பாடு இறங்காது. அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் இருந்தது பிரியம் மட்டும்.

இனி ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் க்ளையன்ட் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு பெரிய கம்பெனி. அவர்களுடைய பழைய சிஸ்டத்தில் இருந்த எல்லாவற்றையும் புது சிஸ்டத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. வாரம் ஒருமுறை நிலவரம் சொல்ல வேண்டும். நிலவரம் என்றால் நிறம். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. இந்தத் துறையில் இருக்கும் நம் ஆட்களுக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. முடியுமா என்று கேட்டால் "முடிச்சிடலாம்" என்போம். முடியாது என்கிற சொல் ஏதோ கெட்ட வார்த்தை போல நாக்கில் வராது. அவரும் ஒவ்வொரு கூட்டத்திலும் மேஜையைத் தட்டி, "எல்லாம் க்ரீன்தானே? இருந்தா சொல்லுங்க, இல்லேன்னாலும் சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "எனக்குத் தெரியும், என்ற டீம் அடிச்சு நொறுக்கிடும்" என்று அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார். அந்த உற்சாகத்தின் குறுக்கே போய் நிற்பதற்கு எவனுக்கும் மனசு வராது.

நித்யா ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். குளிர்ச்சியாக வைத்து அனுப்ப வேண்டிய மருந்துகள் இருக்கின்றன, இன்சுலின் போல. அவற்றுக்கு ஒரு அடையாளக் குறி உண்டு. பழைய சிஸ்டத்திலிருந்து மாற்றும்போது பல மருந்துகளுக்கு அந்தக் குறி விடுபட்டுப் போய்விட்டது. எந்தெந்த மருந்துக்கு என்று முழுதாகப் பிடிக்கவும் முடியவில்லை. அப்படியே ஓடவிட்டால் இன்சுலின் சாதாரண லாரியில் ஏறிப் போகும். வெயிலில் கெட்டுப் போனது தெரியாமல் யாரோ ஒரு நோயாளிக்கு ஏற்றுவார்கள். அவள் பாஸ்கரிடம் சொன்னாள். அவன் "ஃபிக்ஸ் பண்ணிடலாம், இப்போதைக்கு க்ரீன் போடு" என்றான். அவள் ராவும் பகலும் சரி செய்துகொண்டே இருந்தாள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகியது. லஞ்ச் நேரத்தில் என்னிடம் அழுதாள்.

"மேடம்கிட்டயே சொல்லிடேன்" என்றேன்.

"ரெட்னு சொன்னா ப்ராஜெக்ட்ட நிறுத்திடுவாங்க. ப்ராஜெக்ட் நின்னா என் விசா எக்ஸ்டென்ஷன் என்னாகும்? பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டியதே அவங்கதான். அப்பா வீட்ட அடமானம் வச்சு என்னை அனுப்பியிருக்காரு. நீங்க சொல்லுங்களேன்."

நான் தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஓட விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம். க்ளையன்ட் தரப்பின் பெரிய அதிகாரியம்மா நேரில் வருகிறார். அன்று காலை எங்கள் மேடம் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஆபீசுக்கு அவர் புடவை கட்டி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வண்டி கிளம்பியதுமே ஸ்டாலின்கிராட் கதை உச்சத்துக்குப் போய்விட்டது. சின்ன மீசையின் பெரிய பட்டாளத்தை ரஷ்யர்கள் நகரத்துக்குள் வைத்துச் சுற்றி வளைத்துவிட்டார்கள். வெளியே வர வழியில்லை, உள்ளே சாப்பாடு இல்லை.

"இப்ப சின்ன மீசை அவனோட விமானப்படைத் தலைவனைக் கேக்கறான். வானத்து வழியா சாப்பாடு, குண்டு, மருந்து எல்லாம் போட முடியுமா? அவனுக்குத் தெரியும், அவ்ளோ விமானமே இல்ல. குளிர்ல இருக்கறதும் கெளம்பாது. என்ன சொன்னான்னு நெனைக்கறீங்க?"

"முடியும்னு சொல்லியிருப்பான் மேடம்" என்றான் பாஸ்கர், பழக்க தோஷத்தில்.

"முடியும்னுதான் சொன்னான்." இடது பக்கம் நெவார்க் விமான நிலையம் வந்துவிட்டது. எங்கள் தலைக்குமேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவர் ஒரு கையை விட்டு அதைக் காட்டினார். "அந்தா பாரு, அந்த மாதிரி வரிசையா எறங்கணும், நாள் பூரா, நிக்காம. வந்ததோ சொற்பம். உள்ள இருந்தவன் குதிரையத் தின்னான், அப்புறம் அதுவும் இல்ல. ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு, 'ஐயா, முடியாது'ன்னு சொல்லியிருந்தா, அப்பவே பின்வாங்கி எத்தன உசுரு பொழச்சிருக்கும்? ஏன் சொல்லல? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?"

"அக்கா" என்று ஒரு குரல் கேட்டது.

யார் குரல் என்று ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. நித்யா முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம ப்ராஜெக்ட் க்ரீன் இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. ரெட்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குறி விடுபட்டது, இன்சுலின், லாரி, சரி செய்யச் சரி செய்ய ஒழுகுவது, எல்லாம். பாஸ்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் எதிர்பார்த்தது, அவர் துள்ளிக் குதித்து, சொன்னியே மகராசி என்று கொண்டாடுவார் என்று. இவ்வளவு காலமாக அவர் காத்திருந்த ஆள் அல்லவா வந்துவிட்டாள்? நடந்தது வேறு. அவர் முகம் இறுகிப்போனது. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"இத்தன நாளா பொய் சொன்னியா என்கிட்ட?"

நித்யா சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"சரி, அத அப்புறம் பாக்கலாம். இன்னைக்கு மீட்டிங்ல வாயத் தெறக்காத. நான் சமாளிச்சுக்கறேன். திங்கக்கெழமைக்குள்ள முடிச்சிடுவ இல்ல? முடியும்னு சொல்லு."

"முடியாதுக்கா."

"ஆள் தரேன். சனி ஞாயிறு எல்லாரும் உக்காருவோம். முடியும்னு சொல்லு நித்யா."

"எத்தன பேர் உக்காந்தாலும் முடியாது."

"முடியும்னு சொல்லுன்னா சொல்லு." குரல் உயர்ந்துவிட்டது. நெவார்க்குக்கு மேலே இன்னொரு விமானம் போனது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கதை சொன்ன வாயும் இந்த வாயும் ஒன்றா?

பேச்சின் வேகத்தில் அவர் இடது லேனில் போய்க்கொண்டிருந்தார். ஜெர்சி சிட்டிக்குப் பிரிகிற எக்ஸிட் வலது பக்கம். பச்சைப் பலகை வந்தது. நான் பார்த்தேன். பாஸ்கரும் பார்த்தான், அவன் தலை திரும்பியது எனக்குத் தெரிந்தது. அதை விட்டால் கதை முடிந்தது, எங்கேயோ போய்ச் சுற்றிவர வேண்டும், கூட்டம் நடந்து முடிந்துவிடும். நாங்கள் இருவரும் உதடு பிரிக்கவில்லை. கோபமாக இருக்கிறாரே.

"அக்கா, எக்ஸிட்" என்றாள் நித்யா.

அவர் பார்த்தார். இண்டிகேட்டரைத் தட்டி, ஒரு லாரிக்கும் ஒரு டாக்சிக்கும் நடுவே வண்டியைச் செருகி, நான்கு பக்கமும் ஹாரன் அலற, கடைசிக் கோட்டில் எக்ஸிட்டைப் பிடித்துவிட்டார். ஸ்டாலின்கிராட் உருண்டு கீழே விழுந்தது. மாஸ்கோ பாஸ்கரின் மடியில் போய் உட்கார்ந்தது. டோலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்ட கேஸ் ஸ்டேஷனுக்குள் வண்டியை விட்டு நிறுத்தினார். பெட்ரோல் போடுகிற சர்தார்ஜி ஜன்னலைத் தட்டினார். "ஃபுல்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் முழுதாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை.

"பாஸ்கர், எக்ஸிட் போர்டு பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"நீ பாத்தியா?" என்று என்னிடம்.

"பாத்தேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

பின்னால் பெட்ரோல் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் பாஸ்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நித்யாவைப் பார்த்தார். எதையோ எங்கிருந்தோ கூட்டிச் சேர்ப்பவர் போல மூன்று முகங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சர்தார்ஜியின் முகத்தைப் பார்க்காமலே கார்டை நீட்டினார். அப்படி அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கூட்டத்தில் திரையில் எங்கள் நிலவரம் போட்டிருந்தார்கள், நாற்று நட்ட வயல் மாதிரி ஒரே பச்சை. அதிகாரியம்மா, "நல்ல செய்தி போலிருக்கிறதே" என்று சிரித்தார். மேடம் எழுந்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். இது பொய். திங்கட்கிழமை இதை ஓட விட்டால் குளிரில் வைக்க வேண்டிய மருந்து வெயிலில் போகும். வேண்டாம்."

அதிகாரியம்மாவின் சிரிப்பு போய்விட்டது. உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"இன்று காலை, வரும் வழியில்."

"உங்கள் ஆட்களுக்கு?"

"முன்பே தெரியும்."

"அவர்கள் ஏன் உங்களிடம் சொல்லவில்லை?"

எங்கள் கம்பெனியின் பெரியவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நித்யா பக்கம் விரலை நீட்டியிருப்பார்கள். பாஸ்கரின் பெயராவது வந்திருக்கும். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "என்னிடம் சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டேன். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்ன பெண் இவள். இவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. அந்த மாதிரி அறைகளில் கைதட்டக் கூடாது. மேஜைக்குக் கீழே இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டேன்.

சீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, எச்.ஆருக்குப் போன். "நித்யாவோட விசா பேப்பர் இன்னைக்கே வேணும். எங்கிட்ட கையெழுத்து அதிகாரம் இருக்கறப்பவே போட்டுடறேன்" என்றார். மத்தியானத்துக்குள் போட்டும் விட்டார்.

சிஸ்டத்தை ஓட விடுவதைத் தள்ளிப் போட்டார்கள். நித்யாவும் நானும் இன்னும் நான்கு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்தாகச் சரிபார்த்தோம். வசந்தத்தில் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் அங்கே இல்லை. கம்பெனி அவரைத் திட்டவில்லை. ஹூஸ்டனில் புதுசாக ஒரு பெரிய பதவி உருவாக்கி, அவரை அதில் உட்கார வைத்தது. அவருக்குக் கீழே ஆளே கிடையாது.

"ஸ்டாலின்கிராட்ல மாட்டிக்கிட்ட பட்டாளத்தோட தளபதிக்குச் சின்ன மீசை கடைசியா என்ன அனுப்பினான் தெரியுமா?" என்று பாஸ்கரைக் கேட்டார். "ப்ரமோஷன். அந்தப் பதவில இருந்த ஜெர்மன்காரன் எவனும் அதுவரைக்கும் சரணடஞ்சதில்ல. புரிஞ்சுக்கிட்டுச் செத்துப்போன்னு அர்த்தம். அவன் சாகல, போய்ச் சரணடஞ்சுட்டான். நானும் ஹூஸ்டன் போறேன். அங்க பக்கத்துல பேர்லேண்ட்ல மீனாட்சி கோயில் இருக்காம்ல." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பாஸ்கர் சிரிக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான்.

கடைசி நாள் சாயங்காலம் பாஸ்கரும் நித்யாவும் வேறு வேலையாக ரயிலில் போய்விட்டார்கள். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். பார்க்கிங்கில் சாவியைப் போட்டவர் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி கேட்டார்.

"ஒண்ணு கேப்பேன். அந்த ரெண்டு மீசைக்காரனுங்க மாதிரியா கண்ணு நான் இருந்தேன்?"

சேச்சே, என்ன மேடம் இது, என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சமா?"

"இல்ல. நிறையவே."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அடுத்த நொடி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "எப்பெல்லாம்? என்ன செஞ்சேன்? ஒண்ணு விடாம மொதல்லருந்து சொல்லு" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கு டர்ன்பைக் முழுக்க நான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.